அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துல இருந்து எழுதுறேன். பால் சொசைட்டில கணக்கு எழுதுற வேலை, வீட்டுல எல்லாரும் தமிழ், பொண்ணு மட்டும் ஸ்கூல்ல மலையாள மீடியம். போன வாரம் உங்க பேப்பர்ல ஆட்டிசம் பத்தி, அதாவது மூளை வளர்ச்சியில பொறப்புலயே இருக்கற ஒரு வித்தியாசத்தைப் பத்தி, சின்னதா ஒரு செய்தி வந்துச்சு, அதுல 'நோயால் பாதிக்கப்பட்ட தெய்வக் குழந்தைகள்'னு போட்டிருந்தீங்க. நல்ல மனசோடதான் போட்டிருப்பீங்க. ஆனா எம்பொண்ணு அதை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு வந்து 'அம்மா, நான் நோயாளியா, தெய்வமா, ரெண்டுல எது?'ன்னு கேட்டா. அவளுக்குக் குத்தலா பேசத் தெரியாதுங்க, நெசமாவே பதில் வேணும்னு அடுப்படி வாசல்ல நின்னுட்டிருந்தா. 15 வயசு ஆகுது அவளுக்கு, அவளுக்கும் ஆட்டிசம் இருக்கு.

அதான் இந்த லெட்டர். அந்தச் செய்திக்குப் பதிலா நீங்க ஒரு பொண்ணைப் பத்தி எழுதணும்னு கேட்டுக்கறேன். பேரு க்ளோயி ஹேடன், ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணத்துக்காரி, 1997ல பொறந்தவ. சின்ன வயசுல ஒரு ஸ்கூல்லயும் நிலைக்க முடியல, மாத்தி மாத்திச் சேத்தாங்க, போற எடமெல்லாம் கேலிதான். 13 வயசுலதான் ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிருக்காங்க, அப்புறம் வீட்டுலயே படிச்சு, தன்னோட அனுபவத்தை நெட்டுல எழுதி, வீடியோ போட்டு, அப்படியே பேசிப் பேசி மேல வந்தவ. 2022 செப்டம்பர்ல நெட்பிளிக்ஸ்ல ஹார்ட்பிரேக் ஹைன்னு ஒரு ஸ்கூல் சீரிஸ் வந்துச்சு, 1994ல வந்த பழைய சீரியலைப் புதுசா எடுத்தது. அதுல க்வின்னின்னு ஆட்டிசம் உள்ள பொண்ணா நடிச்சது இவதான். வெறுமனே நடிச்சுட்டுப் போகல, அந்த கேரக்டர் எப்படிப் பேசணும் எப்படி நடந்துக்கணும்னு கதை எழுதுறவங்களோட உக்காந்து சொல்லிருக்கா. அந்த வருசமே ஆஸ்திரேலியாவுல சினிமாவுக்கும் டிவிக்கும் தர்ற ஆக்டா விருதுல, ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தர்ற சிறந்த நடிகை விருது இவளுக்குக் கெடச்சுது. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி 2020ல அமெரிக்காவுல கேலா குரோமர்னு இன்னொரு பொண்ணு இதே மாதிரி ஒரு சீரிஸ்ல முக்கியமான ரோல் பண்ணா, அவளுக்கும் ஆட்டிசம்தான்.

அது பெரியவங்க பாக்குற சீரிஸுங்க, முழுசா நான் பொண்ணுக்குக் காட்டல, கோயமுத்தூர்ல படிக்கிற என் தம்பி மகன் சில சீனை மட்டும் தனியா எடுத்துக் குடுத்தான். ஒரு சீன்ல அந்த க்வின்னி ரொம்ப நாளா ஆசையா காத்திருந்த ஒரு நாள், நெனச்ச மாதிரி நடக்காம எல்லாம் மாறி மாறிப் போகுது, சத்தம், கூட்டம், கடைசில அப்படியே ஒடஞ்சு போயி வாயில வார்த்தையே வராம ஆயிடுது. எம்பொண்ணு அதை செல்லுல ஆறு தடவை பாத்தா. ஏழாவது தடவை ஃபோனை எங்கிட்ட நீட்டி 'வேலைக்குப் போனப்ப எனக்கு இதான் ஆச்சு'ன்னா. வேலைன்னா எங்க பக்கத்துல கோயில் திருவிழாங்க. மூணு வருசம் முன்னாடி செண்டை மேளமும் வெடியும் ஒண்ணா ஆரம்பிச்சப்ப காதைப் பொத்திக்கிட்டு மண்ணுல உக்காந்துட்டா, ரெண்டு நாள் பேசல. சாமி வந்துருச்சுன்னு திருநீறு போட்டாங்க, திமிருன்னு சொன்னவங்களும் உண்டு, நானே முதுகுல ஒண்ணு வெச்சேன், அந்தக் கை இன்னிக்கும் உறுத்துது. அவளுக்கு என்ன ஆச்சுன்னு அவ வாயாலயே நான் கேட்டது அந்த சீனைப் பாத்ததுக்கு அப்புறம்தான்.

அந்தத் திருவிழா முடிஞ்சு கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனப்பதான் ஆட்டிசம்னு தெரிஞ்சுது, அப்ப 12 வயசு. இவ்வளவு லேட்டா ஏன்னு கேட்டேன். பொண்ணுங்க நெறைய பேரு மத்தவங்களைப் பாத்துக் காப்பியடிச்சு மறைச்சுக்குவாங்க, பாக்குறவங்களுக்கு கூச்ச சுபாவம்னு தோணும், அதனாலதான் பசங்களை விட பொண்ணுங்களுக்குக் கம்மியாவும் லேட்டாவும் கண்டுபிடிக்கறாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அவ பையில பாத்தேன், ஒரு நாற்பது பக்க நோட்டு. 'டீச்சர் தமாசு சொன்னா எல்லாரும் சிரிச்சதுக்கு அப்புறம் சிரிக்கணும், முன்னாடி சிரிக்கக் கூடாது.' 'கண்ணைப் பாக்க முடியலன்னா புருவத்தைப் பாரு.' 'யாராவது அழுதா என்னாச்சுன்னு கேக்கணும், ஏன் இப்படி சத்தம் போடறேன்னு கேக்கக் கூடாது.' எல்லாம் சாயங்கால சீரியலைப் பாத்துப் பாத்து எழுதினது. பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிருக்கா. சேட்டை பண்றா, டயலாக் பேசி விளையாடறான்னு நாங்க நெனச்சுட்டிருந்தோம்.

இன்னொண்ணும் சொல்லியாகணும், எல்லையில இருக்கறவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். முதல்ல போன ஒரு தெரப்பி சென்டர்ல, ரெண்டு பாசை பேசினா புள்ள கொழம்பிடும், வீட்டுல மலையாளம் மட்டும் பேசுங்கன்னுட்டாங்க. எங்க மாமியாருக்கு மலையாளம் வராது. எட்டு மாசம் பேத்திகிட்ட பேசாம சைகையிலயே சோறு போட்டாங்க. அப்புறம் வேற ஒரு ஸ்பீச் தெரப்பிஸ்ட் சொல்லித்தான் தெரியும், ரெண்டு பாசை பேசறதால ஆட்டிசம் உள்ள புள்ளைங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லையாம். அன்னிக்கு ராத்திரி மாமியார் 'கண்ணு, சாப்பிட்டியா'ன்னு வாய் தொறந்து கேட்டாங்க.

இப்ப நம்ம சீரியலுக்கு வர்றேன். தமிழ்லயும் சரி மலையாளத்துலயும் சரி, நான் பாத்த வரைக்கும், இப்படி ஒரு கேரக்டர் வந்தா எச்சில் ஒழுகுற மாதிரி, தலையை ஆட்டுற மாதிரி, இல்லேன்னா கணக்குல புலியா இருக்கற மாதிரி. நடிக்கறவங்க எல்லாம் ஆட்டிசம் இல்லாத ஆளுங்க, பாவப்பட்ட மியூசிக் வேற. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல ஆட்டிசம் தனியா பேரு சொல்லிச் சேத்த மாற்றுத்திறன்ல ஒண்ணு. 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு, சினிமாலயும் டிவிலயும் மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளா காட்டக்கூடாது, அவங்களைப் பத்தி எடுக்கறப்ப அவங்களையும் கலந்துக்கணும்னு. அந்தத் தீர்ப்பு வந்து இவ்வளவு நாள் ஆகியும் ஒரு சேனலாவது ஆட்டிசம் உள்ள புள்ளையைக் கூப்பிட்டு, இந்தா இந்த ரோலை நீ பண்ணுன்னு குடுத்ததா நான் பாக்கலீங்க. எம்பொண்ணு நடிகை ஆகணும்னு நான் கேக்கல, அவளுக்கு மாடு வளக்கறதுலதான் ஆசை, எங்க சொசைட்டில பால் ஊத்துற ஒவ்வொரு வீட்டுலயும் எத்தனை மாடு, எது எப்ப கன்னு போட்டுச்சுன்னு தேதியோட சொல்லுவா. ஆனா அவளை மாதிரி ஒருத்தி தமிழ் பேசி டிவில வந்தா, அந்த நோட்டுல பாதி எழுத வேண்டியதே இருந்திருக்காது.

உங்ககிட்ட ரெண்டே வேண்டுகோள். நோய், பாதிப்பு, தெய்வக் குழந்தை, இந்த வார்த்தையெல்லாம் விட்டுட்டு 'ஆட்டிசம் உள்ளவர்'னு போடுங்க, அது போதும். அப்புறம் அந்த ஹேடன் பொண்ணைப் பத்தி, பொம்பளைங்களுக்குன்னு போடுற பக்கத்துல ஒரு ஓரமா வேண்டாம், ஞாயித்துக்கெழமை இணைப்புல முழுப்பக்கம் போடுங்க, படத்தோட. எந்த ஞாயிறுன்னு மட்டும் முன்னாடியே சொல்லிருங்க, எங்க ஊருக்கு உங்க பேப்பர் நாலு காப்பிதான் வருது, டீக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வெக்கச் சொல்லி ஏஜென்ட்கிட்ட சொல்லணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.