மாட்டு மருந்துச் செய்தி பறவைப் பக்கத்தில் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செத்த மாடுகளைத் தின்னும் பாறு கழுகுகள் அழிந்ததால் மனிதச் சாவும் கூடியது என்ற ஆய்வைப் பற்றி உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அது சுற்றுச்சூழல் பக்கத்தில், பறக்கும் கழுகின் படத்தோடு வந்திருந்தது. அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் மாடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள். எங்களுக்கு உதவும் வரி ஒன்றுகூட அதில் இல்லை.

1990களில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து விலை மலிந்ததும் மடிவீக்கம், கால்வீக்கம், காய்ச்சல் எதுவானாலும் மாட்டுக்கு அந்த ஊசிதான் என்றாகிவிட்டது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போனால் மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்துவிடும். ஏதோ தொற்றுநோய் என்று வெகுகாலம் தேடினார்கள். 2004இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வில்தான் காரணம் பிடிபட்டது. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை அழிவு நடக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வருடத்துக்கு ஒரே முட்டை இடும் பறவை, இழப்பை எப்படி ஈடுகட்டும்?

இன்னொன்று. '5 லட்சம் சாவு' என்று தலைப்பில் போட்டுவிட்டீர்கள். அது ஆளை எண்ணி வந்த கணக்கு இல்லை. கழுகுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் அவ்வளவாக இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, 2000 முதல் 2005 வரைக்கும் போட்ட மதிப்பீடு. அந்த ஆய்வை நான் நம்புகிறேன். தின்னக் கழுகு இல்லாமல் அழுகிய மாட்டுப் பிணம், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநோய் என்று அவர்கள் சொல்லும் வழி பொருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் மதிப்பீடு என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்திருக்கலாம்.

சரி, மாட்டுக்காரர் என்ன செய்வது? டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட 2006இலேயே தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கு ஏற்றினார்கள். அதனால் 2015இல் மனித ஊசியையும் 3 மில்லி அளவுக்குச் சுருக்கினார்கள். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் மாட்டுக்குப் போட 2023இல் தடை. இதில் அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. அப்புறம் நிமிசுலைடும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. இவற்றுக்கு மாற்றான மெலாக்சிகாம் கழுகுக்குக் கேடில்லை என்று சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். டோல்ஃபெனாமிக் அமிலமும் அப்படித்தான். எங்களில் பலருக்கு இந்தப் பெயர்களே தெரியாது. 'வலி ஊசி' என்று கேட்போம், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், பெட்டியில் இருப்பதோ பொடி எழுத்து.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் உங்கள் இதழ் வருகிறது. எந்த மருந்து கூடாது, எதைக் கேட்டு வாங்கலாம் என்று அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்துப் போட்டால் நல்லது. எங்கள் பால் சொசைட்டி சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர்,
சத்தியமங்கலம்