ஜெனரலின் படை இப்போது என்னிடம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. மகளின் தேர்வு நல்லபடியாக முடிந்தது என்று சின்னவன் சொன்னான், சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மோடு வார்ஹாமர் 40,000 ஆடுகிற ஜெனரல், அந்த மேஜை விளையாட்டுக்கான தன் டைரனிட் படை, அதாவது வேற்றுலக மிருகப் பொம்மைகள் முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

விற்கவில்லை, இரவலும் இல்லை. பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். கை நடுக்கம் உனக்குத் தெரிந்ததுதான். ஆபத்தான வியாதி இல்லை என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஆனால் போகக்கூடியதும் இல்லையாம். "பெரிய பரப்பில் பூசிவிடுகிறேன், கோடுதான் இழுக்க முடியவில்லை" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார், அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. "நான் பூசினதையெல்லாம் உரித்துவிட்டு உன் நிறத்தில் புதிதாகப் பூசிக்கொள். படை என்றால் ஒரே கையால் ஆனதாக இருக்க வேண்டும்."

உரிப்பது பெரிய காரியமில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் கழன்று வந்துவிடும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. அசிட்டோன் பக்கம் மட்டும் போகக் கூடாது, அது பொம்மையையே கரைத்துவிடும். என்னால் முடியாதது உரிக்கும் வேலை இல்லை, அதைச் செய்ய மனம் வருவது.

நீ அந்தப் பொம்மைகளை எதிர்ப்பக்கத்திலிருந்து, சுட்டுத் தள்ளவேண்டிய கூட்டமாக மட்டுமே பார்த்தவன். நான் இப்போது ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்க்கிறேன். ஹார்மகன்ட் என்ற குட்டி மிருகத்தின் முதுகு ஓடு ஒன்றை எடுத்துக்கொள். தட்டுத் தட்டாக இருக்கும் அல்லவா? ஒவ்வொரு தட்டும் ஒரு நகத்தின் நுனி அளவுதான். அதன் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய கோடுகள் இழுத்திருக்கிறார். முதலில் அடர்ந்த ஊதா, அதன்மேல் கொஞ்சம் வெளிறியது, கடைசியாக ஏறக்குறைய வெள்ளையில் விளிம்பை மட்டும் தொடும் குட்டிக் கோடுகள். எந்த இரண்டு கோடும் ஒரே நீளம் கிடையாது. வளர்ந்த ஓடு அப்படித்தான் இருக்கும் என்று யோசித்துப் பூசியிருக்கிறார். இதை மேஜைமேல் எவர் கவனிக்கப் போகிறார்? முதல் சுற்றிலேயே கொத்தாகச் செத்துப்போகிற உருப்படி அது. அதற்கும் இவ்வளவு உழைப்பு.

டைரனிட் என்ற இனமே அப்படிப்பட்ட கவனத்தைக் கேட்கிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவற்றிடம் செய்த பொருள் எதுவும் இல்லை. துப்பாக்கி ஒரு உயிர், கப்பல் ஒரு உயிர், துப்பாக்கிக்குள் இருக்கும் குண்டுகூட உயிர். நேர்கோடு கிடையாது, ஆணி கிடையாது, கொடி கிடையாது. கவசம் போட்ட மனித வீரர்களான உன் நீல மரைன்களுக்கு ஸ்ப்ரே டப்பாவே பாதி வேலையை முடித்துவிடும், ஓரத்தில் பொன் நிறம் தீட்டினால் அணிவகுப்புக்குத் தயார். கோபப்படாதே, உண்மையைத்தானே சொல்கிறேன்! இந்தப் பக்கம் தோல், ஓடு, நகம், நாக்கு, தொண்டைச் சவ்வு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து போகும். எங்கே தோல் முடிந்து எங்கே ஓடு தொடங்குகிறது என்பதைப் பூசுகிறவன்தான் முடிவு செய்யவேண்டும். இன்னொன்று: சின்ன டெர்மகன்ட்டிலிருந்து பெரிய கார்னிஃபெக்ஸ் வரை எல்லாவற்றுக்கும் ஆறு உறுப்புகள்தான். அதே ஓடு, அதே குளம்பு. சின்னதில் என்ன முடிவு எடுத்தாலும் அது பெரியதிலும் நிற்க வேண்டும்.

ஜெனரல் நிறத்திலும் யாருடைய வழியிலும் போகவில்லை. விளையாட்டின் கதையில் வரும் டைரனிட் கூட்டங்களில் பெஹிமோத் என்றால் சிவப்புத் தோல், நீல ஓடு. கிராக்கன் என்றால் எலும்பு நிறமும் சிவப்பும். லெவியதான் என்றால் எலும்பு நிறமும் ஊதாவும். இவர் சாம்பல் கலந்த பச்சைத் தோலுக்கு ஊதா ஓடு வைத்தார். 2004-ல் பேட்டில் ஃபார் மக்ராக் என்ற இரு படைப் பெட்டி வந்தபோது நீ மரைன்களை எடுத்துக்கொண்டாய், டெர்மகன்ட்டுகளும் ஜீன்ஸ்டீலர்களும் அவருக்குப் போயின. அன்றைக்குத் தொடங்கிய நிறத்தை இத்தனை வருடம் மாற்றவே இல்லை மனுஷன்.

இங்கேதான் என் கவலை. பெட்டிகளில் கிட்டத்தட்ட பாதி இன்னும் வெறும் சாம்பல் பிளாஸ்டிக். அதில் லெவியதான் என்ற பெயரிலேயே 2023-ல் வந்த பெட்டியின் மிருகங்களும் இருக்கின்றன, புது ஸ்க்ரீமர் கில்லர் உட்பட. அவரிடம் பழைய உலோக ஸ்க்ரீமர் கில்லரும் இருக்கிறதே, அந்த உருண்டை முதுகுக்காரன், அவனையும் இவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாத்தாவும் பேரனும்தான், சந்தேகமே இல்லை. தாத்தா பூசப்பட்டிருக்கிறார், பேரன் வெறுமனே நிற்கிறான். பேரனை நான் பூசினால் என் கை தெரியும். என் கோடு அவர் கோட்டைவிடத் தடிமன். நான் வண்ணத்தை எவ்வளவு தண்ணீராகக் கரைத்தாலும், ஈரத் தட்டில் வைத்து எவ்வளவு நிதானமாக எடுத்தாலும், அந்த நுனி மெல்லிசு எனக்கு வராது.

நிறைய யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீ இதற்கு என்ன சொல்கிறாய் என்று கட்டாயம் எழுது.

உரிக்கப் போவதில்லை. ஒன்றைக்கூட. அவர் பூசியது அவர் பூசியபடியே இருக்கும். மீதியை அவர் நிறத்தில் நான் பூசுவேன், ஆனால் அவர் கோட்டைப் போலி செய்ய மாட்டேன். மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கூட்டமாகத் தெரிய மூன்று விஷயம் போதும்: ஒரே கண் நிறம், கடைசியில் பள்ளங்களில் இறங்கும் ஒரே வாஷ் என்ற நீர்த்த வண்ணம், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பேஸ், அதாவது பொம்மை நிற்கும் காலடித் தட்டு. பேஸ்தான் முக்கியம். எத்தனை கைகள் பூசிய படையானாலும் காலடி மண் ஒன்றாக இருந்தால் கண் அதை ஒரே படை என்று ஏற்றுக்கொள்ளும்.

அந்தப் பேஸ் வேலையை ஜெனரலையே செய்யச் சொல்லப் போகிறேன். மணல் ஒட்டுவது, வாஷ் விடுவது, காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தேய்ப்பது, இதற்கெல்லாம் அசையாத கை தேவையில்லை. உண்மையில் டிரை பிரஷ்ஷுக்கு லேசான ஆட்டம் நல்லதுதான். கார்னிஃபெக்ஸ் மாதிரிப் பெரிய உடம்புகளில் தோலின் முதல் பூச்சையும் அவரே செய்யலாம். அச்சில் வார்த்தபோது விழுந்த கோட்டைச் சுரண்டுவது, கண், பல், ஓட்டு விளிம்பு என் பொறுப்பு. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இரக்கப்பட்டுக் கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. நீ சொன்னால் கேட்பார். உன்னிடம் தோற்றவர் என்பதால் உன்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

அதைச் சொல்லும்போது நினைவு வருகிறது. படைத் தலைவனான ஹைவ் டைரன்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். பேஸுக்கு அடியில் பென்சிலால் வரிசையாகக் கோடுகள். என்ன என்று கேட்டதற்கு, "அவன் கேப்டன் இதைக் கொன்ற கணக்கு" என்றார். உன் கேப்டன்தான், வேறு யார்? நீ ஜெயித்த ஒவ்வொரு ஆட்டத்தையும் உன்னைவிட அக்கறையாக அவர் எழுதி வைத்திருக்கிறார், தெரியுமா?

ஆகவே உனக்குச் சாக்கு எதுவும் இல்லை, வந்து ஆடு. ஆட்ட விதிகளின் பத்தாம் பதிப்பில், மற்றவற்றை மனத்தால் ஆட்டுவிக்கும் சினாப்ஸ் மிருகத்துக்கு ஆறு அங்குலத்துக்குள் நிற்கிற குட்டிகள் பேட்டில் ஷாக் என்ற துணிவுச் சோதனைக்கு இரண்டு பகடைக்குப் பதில் மூன்று உருட்டும். உன் பழைய வித்தை, பெரியதைத் தூரத்திலிருந்து சுட்டுவிட்டுக் குட்டிகளைச் சிதற விடுவது, இப்போதும் வேலை செய்யும், ஆனால் முன்போல அவ்வளவு சுலபமாக இருக்காது. வரும்போது பூசாத மரைன்களைக் கொண்டுவராதே. உன்னோடு இந்தச் சண்டையை எத்தனை வருடமாகப் போடுகிறேன்! விதியில் அதற்கு இடம் இருக்கலாம். ஆனால் எதிரே ஒருவர் ஒவ்வொரு ஓட்டிலும் கோடு இழுத்து வைத்திருக்கும்போது, இந்தப் பக்கம் சாம்பல் பிளாஸ்டிக்கை நிறுத்துவது அவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவதற்குச் சமம். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

கடைசியாக ஒரு உதவி. அந்த ஊதா, சிட்டடல் என்ற வண்ணப் பிராண்டின் லிச் பர்ப்பிள். 2012-ல் அவர்கள் வண்ண வரிசையையே மாற்றியபோது அந்தப் பெயர் போய்விட்டது. ஜெனரலிடம் இருந்த டப்பா காலி. ஒன்றை நீ ஜீன்ஸ்டீலர் காலத்திலேயே வாங்கிக்கொண்டு போனாய், திருப்பித் தரவில்லை என்கிறார், தேதி சொல்லாததுதான் பாக்கி. தேடிப் பார். உள்ளே காய்ந்து கட்டியாகியிருந்தாலும் பரவாயில்லை, மூடியில் ஒட்டியிருக்கிற நிறத்தைப் பார்த்து நான் கலந்துகொள்வேன். நீ வரும்வரை காத்திருக்க முடியாது, உடனே அனுப்பு. ஸ்க்ரீமர் கில்லருக்கு ப்ரைமர் அடித்தாயிற்று.

அன்புடன்,
உன் நண்பன்