மெஷினுக்குள் மெஷின்: செந்திலுக்கு ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செந்தில்,

கடிதம் கிடைத்தது. பாப்பா பாலிடெக்னிக்கில் சேர்ந்ததைச் சொன்னதும் அம்மா முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை முறித்துப் போடுகிறது. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது.

பாப்பாவின் சிக்கலுக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் உபுண்டு லினக்ஸ் போட்டு, அதற்குள்ளும் ஒரு மெஷினை எழுப்ப லினக்ஸின் கேவிஎம்மை ஓட்டப் பார்த்தாள், ஓடவில்லை, உபுண்டுவை மாற்றிப் போட்டும் பலனில்லை என்று எழுதியிருந்தாய். உபுண்டு மேல் தப்பில்லை. குடியிருப்பவர் உள்வாடகை விட வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமல்லவா, அப்படித்தான் இதுவும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவதற்காகப் புராசஸரிலேயே இருக்கும் வசதிகளை (இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் ஏஎம்டி-வி) வெளியே இருக்கும் மென்பொருள் காட்டினால்தான் உள்ளே இருக்கும் உபுண்டு பார்க்கும்.

முதலில் லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் அந்த வசதி ஆனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். பிறகு விர்ச்சுவல் மெஷினை முழுதாக அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் புராசஸர் பகுதியில் நெஸ்டட் என்று வரும் கட்டத்தை டிக் செய்யட்டும். விர்ச்சுவல்பாக்ஸில் ஏஎம்டிக்கு 6.0 பதிப்பிலும் இன்டெல்லுக்கு 6.1லும்தான் இது வந்தது. பழைய பதிப்பு என்றால் மாற்ற வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான ஹைப்பர்-வி ஓடினால் விர்ச்சுவல்பாக்ஸுக்கு வசதி நேரடியாகக் கிடைக்காது, அதை நிறுத்த வேண்டும். பின்னாளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸையே அடியில் வைத்து கேவிஎம் ஓட்டினால் இன்னும் எளிது: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.20 முதல் இன்டெல்லிலும் இது தானாகவே ஆனில் இருக்கும், சிபியு வகையை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (உண்மையான சிபியுவை அப்படியே உள்ளே காட்டுவது) என்று வைத்தால் போதும். உபுண்டுவின் சிபியு விவரத்தில் விஎம்எக்ஸ் (இன்டெல்) அல்லது எஸ்விஎம் (ஏஎம்டி) என்று வந்துவிட்டால் வேலை முடிந்தது.

வேகம் குறையும், அதை அவளிடம் முன்பே சொல்லிவிடு. புராசஸர் ஒரே அடுக்குக்காகச் செய்யப்பட்டது. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் கடைசி மெஷின் எதற்காவது நின்றால், விஷயம் முதலில் அடித்தளத்தில் ஓடும் மென்பொருளுக்குப் போய், அங்கிருந்து நடு மெஷினான உபுண்டுவுக்கு வரும். அதைத் தீர்க்க நடு மெஷினும் பலமுறை நிற்கும். ஐபிஎம் ஆய்வாளர்கள் 2010இல் டர்ட்டில்ஸ் திட்டத்தில் இந்தச் செலவைக் குறைக்க வழி காட்டினார்கள். இன்டெல்லும் 2013இல் ஹாஸ்வெல் சிப்பில் உதவி சேர்த்தது. இருந்தாலும் கம்பெனி டேட்டாபேஸை இப்படி ஓட்ட நான் சம்மதிக்கமாட்டேன். படிப்புக்கு இதைவிட நல்லது வேறில்லை. நாம் படித்தபோது சர்வரைத் தொட்டுப் பார்க்கவே கோயமுத்தூர் பஸ் ஏற வேண்டியிருந்தது. அவளோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று நான்கு சர்வர்களை எழுப்பி, உடைத்து, மறுபடி கட்டலாம். பயமில்லாமல் உடைக்கட்டும்.

லேப்டாப்பில் ராம் எவ்வளவு, எந்த வகை என்று கேட்டு எழுது. 8 ஜிபி என்றால் திணறும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பொருந்தினால் வேலந்தாவளம் வழியாக வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ராசு