டாட்டூ, பியர்சிங், முடிக்கு நிறம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், மேல்வகுப்பு மாணவி ஒருத்தி முடியின் கீழ்ப்பாதிக்கு நீல நிறம் பூசிக்கொண்டு வந்திருந்தாள். வாசலிலேயே நிறுத்தி, எல்லோர் முன்னாலும் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. எப்படி வரும்? கேள்வி மாதிரி இருந்தாலும் நான் செய்தது கண்டிப்புதான். மாலையில் என் அறையில் உட்கார வைத்து அதே கேள்வியை நிதானமாகக் கேட்டேன். அப்போது அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. பிடிவாதத்துக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்களில் பலரும் இதே கவலையோடு என்னிடம் வந்திருக்கிறீர்கள். மகன் கையில் டாட்டூ வேண்டும் என்கிறான், மகள் காதின் மேல்பகுதியில் இன்னொரு துளை போட வேண்டும் என்கிறாள், "எதற்கு இதெல்லாம்?" என்று கேட்கிறீர்கள். அந்த 'எதற்கு' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு சில வாரங்களாக நிறையப் படித்தேன், பிள்ளைகளிடமும் பேசினேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1991ல் ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள் ஒரு மனித உடல் கிடைத்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகள் பழையது. ஓட்ஸி என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்த உடலில் 61 டாட்டூக்கள் இருந்தன. சின்னச் சின்னக் கோடுகளும் சிலுவைக் குறிகளும்தான். அவற்றில் பல கீழ்முதுகிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கின்றன. அவருக்குத் தேய்மானம் இருந்த மூட்டுகளும் அங்கேதான். வலி குறைய வேண்டும் என்று குத்திக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அது சரியென்றால், நமக்குத் தெரிந்த மிகப் பழைய டாட்டூக்களில் சில அழகுக்காக வந்தவை இல்லை. இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று உறைத்தது. தோலில் இருப்பதைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்க முடியாது.

'டாட்டூ' என்ற சொல்லே பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளிலிருந்து வந்தது. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு முகத்தில் உள்ள 'மோகோ' அவர்களுடைய வம்சத்தைச் சொல்வது. 1891ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் மின்சாரத்தில் ஓடும் டாட்டூ இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தில் துளையிடும் எடிசனின் மின்பேனாதான் அதற்கு முன்மாதிரி. அதன் பிறகு இந்த வேலை வேகமானது.

சரி, இன்று எதற்காகச் செய்துகொள்கிறார்கள்? இறந்துபோன ஒருவரின் நினைவை உடலிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இழந்த பகுதியின் தோற்றத்தை டாட்டூவால் திரும்பப் பெறுகிற பெண்கள் உண்டு. பழைய தழும்பின் மேல் ஒரு கொடியை வரைந்துகொண்டு, "இப்போது அந்த இடத்தை நானே பார்க்க முடிகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. நோயோ விபத்தோ வேறொருவரின் கொடுமையோ தன் உடலைத் தன்னிடமிருந்து பறித்துவிட்டது என்று உணர்ந்தவர்களுக்கு, தானே தேர்ந்தெடுத்த ஒரு குறி அதைத் திரும்ப வாங்கித் தருகிறது. வெறுமனே அழகாக இருக்கிறது என்பதற்காகவும் செய்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், அதைக் குறைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

ஒரு குறியைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கட்டில் சிலர் அரைப்புள்ளி (;) ஒன்றைக் குத்திக்கொள்கிறார்கள். 2013ல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் இயக்கத்திலிருந்து அது பரவியது. முற்றுப்புள்ளி வைத்திருக்கக்கூடிய இடத்தில் எழுதுபவர் அரைப்புள்ளி வைத்து வாக்கியத்தைத் தொடர்கிறார் இல்லையா? அந்த வாக்கியம்தான் என் வாழ்க்கை என்பது அதன் பொருள். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கடந்து வந்தவர்களும், அவர்களோடு நிற்பவர்களும் அதை வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளை கையில் பேனாவால் அதை வரைந்திருப்பதைப் பார்த்தால் தயவுசெய்து அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன, எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். யாரோ வரைந்ததைப் பார்த்து வரைந்தது என்ற பதில் வரலாம். வேறு பதிலும் வரலாம். அப்படி வந்தால் அன்றே என்னிடம் சொல்லுங்கள், நேரம் பார்க்க வேண்டாம்.

பதின்பருவப் பிள்ளைக்கு வேறொன்றும் இருக்கிறது. எந்த வீட்டில் இருப்பது, என்ன படிப்பது, எத்தனை மணிக்கு எழுவது எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானிக்கிறோம். அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரே சொந்த நிலம் அவர்களுடைய உடல்தான், அதிலும் குறிப்பாக முடி. நண்பர்களோடு சேர்ந்திருக்க வேண்டும், அதே சமயம் கூட்டத்தில் தொலைந்துபோகக் கூடாது. இந்த இரண்டு ஆசையையும் ஒரு டப்பா நிறம் ஒரே நாளில் தீர்த்துவைப்பது போலத் தோன்றும். இது அவமரியாதை இல்லை, வளர்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் எல்லாவற்றையும் அனுமதிக்க வேண்டும் என்று ஆகிவிடாது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் நாம் செய்யும் தவறு. முடி வளர்ந்துவிடும். துளை மூடிக்கொள்ளலாம். டாட்டூ இருக்கும்.

முடியிலிருந்து தொடங்குகிறேன். 1856ல் 18 வயது ஆங்கிலேய வேதியியல் மாணவர் வில்லியம் பெர்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது, தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் தொடங்கியது. பளிச்சென்ற நிறங்களைப் பெண்ணோ ஆணோ தலையில் பூசிக்கொள்கிற இன்றைய வழக்கத்துக்கும் வேர் அதுதான். தலைக்கு வெளியே தெரியும் முடியில் உயிருள்ள அணு கிடையாது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. பிடிக்கவில்லை என்றால் வெட்டிவிடலாம். கவனிக்க வேண்டியது வேதிப்பொருள்களை. ப்ளீச் செய்யும்போது முடியோடு தலைத்தோலும் வெந்துபோகலாம். அடர்நிற நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடுமையான அலர்ஜியைத் தரும், முகமே வீங்கிவிடும். அதனால் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். கறுப்பு மருதாணி என்ற பெயரில் வரைகிற தற்காலிக டாட்டூக்களிலும் இதே பிபிடி கலந்திருக்கலாம். விளையாட்டுதானே என்று விடுகிற விஷயம் இது, ஆனால் கொப்புளமும் தழும்பும் ஆகிவிடுகிறது.

பியர்சிங் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். காது மடலின் கீழ்ப்பகுதி 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். மேல்பகுதியில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக்குழாய்கள் கிடையாது, ஆற மாதக்கணக்கில் ஆகும், தொற்று வந்தால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம். அந்த இடத்தில் துப்பாக்கி போன்ற கருவியால் துளை போடக் கூடாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற, கிருமி நீக்கிய ஊசிதான் சரி. நிக்கல் கலந்த உலோகம் வேண்டாம். அந்த அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். நாக்கில் போடும் உலோகம் பல்லை உடைக்கும், ஈறைத் தேய்க்கும்.

பல வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இன்னொரு பள்ளியில், ஒரு பையன் ஐந்து நாள் தொப்பியைக் கழற்றவே இல்லை. தோழன் வீட்டில் ஊசியால் குத்திக்கொண்ட காது சீழ் பிடித்து வீங்கியிருந்தது. காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "வீட்டில் கொன்றுவிடுவார்கள்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவனை ஆபத்தில் தள்ளியதில் அந்த ஊசிக்கு இருந்த பங்கு அந்தப் பயத்துக்கும் இருந்தது. பிள்ளை ரகசியமாகச் செய்துகொண்டு வந்துவிட்டால், சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, சீழ் வருகிறதா என்று முதலில் பாருங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

டாட்டூ விஷயத்தில் என் நிலை தெளிவு: 18 வயதுக்கு முன் வேண்டாம். பிரிட்டனில் 1969லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. தோலின் மேலடுக்கு தொடர்ந்து உதிர்ந்து புதிதாகிறது. டாட்டூ மை அதற்குக் கீழே உள்ள அடுக்கில் இறங்குகிறது. அங்கே நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. எலிகளை வைத்து பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அந்த அணு இறந்து மை வெளியே வந்ததும் அடுத்த அணு அதைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டியது. உடல் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றுகிறது. லேசரால் அழிக்கலாம்தான், ஆனால் பல முறை போக வேண்டும், வலிக்கும், சில நிறங்கள் முழுதாகப் போவதில்லை. பின்விளைவை எடைபோடுகிற மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. நிரந்தர முடிவுக்கு இன்னும் கொஞ்சம் காலம் கொடுக்கலாமே. நண்பர்களே ஊசியும் பேனா மையும் வைத்துக் குத்திக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் பரவும்.

"முடியாது" என்று சொல்லி முடித்துக்கொள்ளாமல், விரும்புகிற படத்தை வரைந்து படுக்கைக்கு எதிரே சுவரில் ஓராண்டு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சிலர் இரண்டாம் மாதமே கிழித்துவிடுவார்கள். ஓராண்டு கழித்தும் அது வேண்டும் என்று சொல்கிற பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது.

பள்ளியில் இனி நடக்கப்போவது இது. முடியின் நிறத்துக்காக யாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம். ஆய்வகத்தில் எல்லோரையும் போலக் கட்டிக்கொண்டு வந்தால் போதும். விளையாட்டு வகுப்பில் காதணி, மூக்கணிகளைக் கழற்ற வேண்டும். புதுத் துளை ஆறும்வரை கழற்ற முடியாது என்பதால், நீண்ட விடுமுறையின் தொடக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஏற்கெனவே டாட்டூ உள்ள பிள்ளையை எந்த ஆசிரியரும் வகுப்பில் சுட்டிக்காட்டிப் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அந்த விதி எனக்கும்தான்.

வாசலில் நிறுத்திக் கேட்டதற்கு அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவள் பெற்றோரிடமும் பேசிவிட்டேன். இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றினால் பள்ளி முடிந்த பிறகு எந்த நாளும் என் அறைக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்