ரீல் விடாத தாத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமையோடு எங்கள் மொட்டை மாடிப் பாட்டுக் கூட்டம் பன்னிரண்டு வாரம் ஓடி முடிந்தது. கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, பழைய பிரெஞ்சு பாப் பாட்டை ரெக்கார்டில் போட்டுக் கேட்பது, அப்புறம் அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கதையை நான் தமிழில் சொல்வது, அவ்வளவுதான். முதல் வாரம் ஐந்து பேர், அதில் மூன்று பேர் என் வீட்டு ஆட்கள். கடைசி வாரம் பாய் போதாமல் எதிர்வீட்டில் வாங்கி வந்து விரித்தோம். எழுந்து போகும்போது எல்லோரும் என்னிடம் நன்றி சொன்னது கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அதில் என் சரக்கு என்று எதுவுமே கிடையாது. அதனால் யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்கள், எனவே பெயர் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் பக்கத்து வீட்டுத் தாத்தா.

புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். தாத்தா ஒரு சொல்தா. 1943இல் பிறந்தவர். பிரெஞ்சு ராக் பாடகர் ஜானி அலிடே பிறந்ததும் அதே வருஷம்தான், இதை அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர், முதலில் தென் பிரான்சில் ஃப்ரெழுஸ், பிறகு ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சு முகாம். அங்கே சம்பளப் பணத்தில் வாங்கிய ரெக்கார்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன், என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

2017 டிசம்பர் 9ஆம் தேதி அம்மா கொடுத்த மீன் குழம்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். டிவியில் ஜானியின் இறுதி ஊர்வலம். வெள்ளைப் பெட்டி, பாரிஸின் ஷான்ஸ் எலிஸே சாலை முழுக்க ஜனங்கள், பின்னால் நூற்றுக்கணக்கான மோட்டார் பைக். தாத்தா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். ஒரு பாட்டுக்காரருக்காக இந்த வயதில் இப்படி அழுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குழம்பை ஆயாவிடம் கொடுத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு தாத்தா அடிக்கடி கதை சொல்லத் தொடங்கினார். அந்தக் கதைகளை நான் நம்பவில்லை என்பதைத்தான் இங்கே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரான்சில் காப்பிக் கடைகளில் காசு போட்டால் பாட்டு கேட்பது மட்டுமல்ல, பாடுகிறவர் கலரில் ஆடுவதும் தெரிகிற ஒரு பெட்டி இருந்தது என்றார், அதுவும் வீட்டு டிவியெல்லாம் கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில். பாரிஸில் நாசியோன் சதுக்கத்தில் ஒரு ராத்திரி லட்சம் பேருக்கு மேல் இளவட்டங்கள் கூடிவிட, லீவில் போயிருந்த தானும் மரத்தில் ஏறித்தான் பாட்டு கேட்டேன் என்றார். ஜானியும் தன்னைப் போலவே ஜெர்மனியில் சிப்பாயாக இருந்தார் என்றார். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தாத்தா நல்லா ரீல் விடுறார் என்று அம்மாவிடம் சொல்வேன்.

தாத்தா, மன்னித்துவிடுங்கள். ரீல் எல்லாம் உண்மையாகவே இருந்தது, பிலிம் ரீலாக.

அதை எனக்குக் காட்டியவர் அல்லயான்ஸ் ஃப்ரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தின் நூலகத்து அக்கா. பாட்டு சிடி கேட்டுப் போன என்னிடம், பாட்டை எங்கே வேண்டுமானாலும் கேட்கலாம், இதைப் பார் என்று ஒரு டாக்குமெண்டரியைக் கையில் திணித்தவர். சப்டைட்டில் கிடையாது, என் பிரெஞ்சோ அப்போது கடைக்குப் போய் ரொட்டி வாங்குகிற அளவுதான். ஒரு மணி நேரப் படத்தை நிறுத்தி நிறுத்தி மூன்று நாள் பார்த்தேன். இரண்டாம் நாள் ஸ்கோபிதோன் வந்தது. 1960இல் பிரான்சில் வெளிவந்த பெட்டி, உள்ளே 16 மில்லிமீட்டர் பிலிம் சுருள்கள், மேலே சின்னத் திரை, காசு போட்டு பட்டனை அழுத்தினால் கலரில் பாட்டு. தாத்தா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன்.

அப்புறம் நாசியோன். 1963 ஜூன் 22. 'சால்யு லெ கோபேன்' என்ற வானொலி நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது, அதன் முதல் ஆண்டு விழாவுக்கு இலவசக் கச்சேரி. ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்ததைப் போலப் பல மடங்கு கூட்டம். விளக்குக் கம்பத்தில், மரத்தில், கார் கூரையில் எல்லாம் பையன்கள். டிரான்சிஸ்டர் ரேடியோ கைக்கு வந்த பிறகு பிள்ளைகள் அப்பா அம்மா இல்லாமல் தனியாகப் பாட்டு கேட்கத் தொடங்கிவிட்டார்கள், இத்தனை பேர் இருக்கிறோம் என்பது அவர்களுக்கே அன்று ராத்திரிதான் தெரிந்தது. அடுத்த மாதம் எத்கார் மொரேன் என்ற சமூகவியலாளர் 'லு மோந்த்' நாளிதழில் இதைப் பற்றி எழுதும்போதுதான் இந்தப் பாட்டுகளுக்கு யே-யே என்று பெயர் வைத்தார், பாடுகிறவர்கள் வரிக்கு வரி 'யே, யே' என்று கத்தியதால். மரத்தில் இருந்த பையன்களின் படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, நம் ஊர் முகம் ஏதாவது தெரிகிறதா என்று ரொம்ப நேரம் தேடினேன். படம் மங்கல். தெரியவில்லை.

ஜானி விஷயமும் அப்படியே. 1964இல் ராணுவ சேவைக்குப் போய், ஜெர்மனியில் ஒஃபன்புர்க் முகாமில் இருந்திருக்கிறார். சீருடையில் அவரைக் காட்டுகிற செய்திப் படங்கள் இருக்கின்றன. தாத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை, பெல்ட்டைச் சரியாகப் போடவில்லை பார் என்றார்.

ரெக்கார்டு பிளேயரை உயிர்ப்பித்தவர் பெரிய மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணன். ரப்பர் பெல்ட் கரைந்து தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. புது பெல்ட் போட்டு, ஊசி மாற்றி, தட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வருகிறதா என்று எண்ணினார். நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 33இல் வைத்து ஓட்ட, பாடகி ஃப்ரான்ஸ்வாஸ் ஆர்டி சளி பிடித்த ஆம்பிளை மாதிரி பாடினார். அண்ணனுக்கு போன் போட்டு சண்டை பிடித்தேன். சிரித்துக்கொண்டே சுவிட்சைத் திருப்பச் சொன்னார், அதற்கும் சேர்த்து நன்றி. டிரங்குப் பெட்டி எத்தனையோ கோடைக்கு ஷீட் கூரையின் கீழே பரணில் இருந்ததால் ஒன்பது ரெக்கார்டு அப்பளமாகிவிட்டது. மீதி நன்றாக இருக்கிறது. பிரான்சில் அப்போது இந்தச் சின்ன ரெக்கார்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு இருக்கும், அட்டையில் கலர் போட்டோ இருக்கும். சில அட்டைகளின் பின்னால் தாத்தா வாங்கிய தேதியும் விலையும் பென்சிலில் எழுதியிருக்கிறார்.

இப்போது பிரெஞ்சு சார். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், என் மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் திருத்தியவர். 1965இல் நேப்பிள்ஸில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பதினேழு வயது ஃப்ரான்ஸ் கால் லக்சம்பர்க்குக்காகப் பாடி ஜெயித்த பாட்டின் தலைப்பை, மெழுகுப் பொம்மை, ஒலிப் பொம்மை என்று எழுதிக் கொடுத்தேன். சார் அடித்துவிட்டு, 'தவிடு' என்று எழுதினார். 'சோன்' என்றால் ஒலி, தவிடு இரண்டும்தான். தவிடு அடைத்த துணிப் பொம்மை. அதுவே பாட்டுப் பொம்மையும். எழுதிக் கொடுத்த செர்ஜ் கேன்ஸ்பூர் என்ற குசும்புக்காரர் இரண்டையும் ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பாடுகிற பொம்மை நான் என்று அந்தப் பெண்ணையே பாட வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வருஷம் அவர் எழுதித் தந்த குச்சி மிட்டாய்ப் பாட்டில் இருந்த இரட்டை அர்த்தம் தெரியாமலேயே ஃப்ரான்ஸ் கால் பாடியதும், தெரிந்த பிறகு பட்ட அவமானமும் பல டாக்குமெண்டரிகளில் வருகின்றன. அதில் ஒரு பழைய பேட்டியில் அந்தப் பெண் வெள்ளை மனதோடு மிட்டாயைப் பற்றியே விளக்கிச் சொல்வதைப் பார்த்தபோது எனக்கு கேன்ஸ்பூர் மேல் இருந்த மரியாதையில் கொஞ்சம் இறங்கியது உண்மை. பாட்டுக்காரராக அவரை விட முடியவில்லை, அது வேறு விஷயம்.

விட முடியாததற்குக் காரணம் அவருடைய 'லா ழாவனேஸ்' பாட்டு. ஜாவா தீவுப் பெண்ணைப் பற்றிய பாட்டு என்றே இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வாரம் மாடியில் அப்படிச் சொல்லவும் இருந்தேன். நூலக அக்காதான் தடுத்தார். ழாவனே என்பது பிரெஞ்சுக்காரர்களின் ரகசியப் பேச்சு, வார்த்தைகளுக்கு நடுவே 'அவ்' சேர்த்துக்கொண்டே போவது, போன்ழூர் என்பதை 'பவோன்ழவூர்' என்பார்கள். அட, இது நம் க-பாஷை! 'கநா கன் கவ கரே கன்' என்று ஸ்கூலில் பேசினோமே அதேதான். பாட்டு முழுக்க அந்த 'அவ்' சத்தம் காதல் வார்த்தைகளுக்குள் புகுந்து புகுந்து வருகிறது. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டைத் திரும்பப் போட்டபோது மாடியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் 'அவ்' வரும் இடத்தில் கை தட்டினார்கள். பன்னிரண்டு வாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நிமிஷம் அது.

பாரிஸில் இருக்கும் என் பள்ளித் தோழிக்கு. வெர்னய் தெருவில் 5 பிஸ் எண் வீட்டை, கேன்ஸ்பூர் 1991இல் இறந்த நாளில் இருந்தபடியே மகள் ஷார்லோத் காப்பாற்றி வைத்து, 2023 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார். நீ எனக்காக டிக்கெட் எடுத்துப் போய், வெளியே கிறுக்கல் நிறைந்த சுவரைப் போட்டோ எடுத்து, உள்ளே பார்த்ததை எட்டு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாய். ஆஷ்ட்ரேயில் சிகரெட் துண்டுகள் அப்படியே இருக்கின்றன என்று நீ குரலைத் தாழ்த்திச் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டேன், ஆயா 'கூட்டக் கூடாதா' என்றார். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷபெல்லில் முருங்கைக்காய் வாங்கப் போன நாளில் அப்படியே நாசியோன் வரைக்கும் போய், அந்த மரங்களை வீடியோ எடுத்து அனுப்பியதற்குத் தனியாக ஒரு நன்றி. தாத்தா அதைப் பார்த்துவிட்டு, 'மரம் நல்லா வளர்ந்திருக்கு' என்றார்.

முகம் தெரியாத ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். பழைய டிவி, வானொலிப் பதிவுகளைக் காப்பாற்றி, 2006இல் இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஈனா ஆவணக் காப்பகத்துக்காரர்கள். 'திஸ்கொராமா' நிகழ்ச்சியில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் காத்திருந்த தெனீஸ் க்ளாசேர் அம்மையாரை அவர்கள் இல்லாமல் நான் எங்கே பார்த்திருப்பேன்? இப்போதெல்லாம் பேட்டி எடுப்பவர்கள் மூச்சு விடக்கூட இடம் கொடுப்பதில்லை. அப்புறம் 1948இல் பாடகி எடித் பியாஃப் பரிசாகக் கொடுத்த கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு 1982 வரை போன இடமெல்லாம் படம் பிடித்த பாடகர் ஷார்ல் அஸ்னவூர், அந்தச் சுருள்களை ஒரு படமாகக் கோத்த மார்க் தி தொமெனிக்கோ. அந்தப் படம் 2019இல் வந்தது, அஸ்னவூர் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டார். பாடகர் பாடுவதை நூறு பேர் எடுப்பார்கள். பாடகர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் கையில் கேமரா இருந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. 'இதெல்லாம் கிழவர்கள் பாட்டு' என்று ஓரமாக உட்கார்ந்திருந்த என் தம்பியை இழுத்து வந்தது ஓரெல்சான் டாக்குமெண்டரி. பிரான்சின் கான் நகரத்தில் ஒன்றுமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலிருந்து அந்த ராப் பாடகரைச் சொந்தத் தம்பியே வருஷக்கணக்கில் படம் எடுத்து, 2021இல் வெளியிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து என் தம்பி என்னை போனில் படம் எடுத்துக்கொண்டே திரிகிறான். இதற்கு நன்றி சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாடியைக் கொடுத்த வீட்டுக்கார அம்மாவுக்கும், சத்தத்துக்குச் சண்டை போட மேலே ஏறி வந்து, ரெக்கார்டில் பாடகி பார்பரா பாடியதைக் கேட்டு நின்று, அப்புறம் வாராவாரம் சுண்டலோடு வந்த கீழ்வீட்டு மாமாவுக்கும் நன்றி.

கடைசியாக மறுபடியும் தாத்தா. ஃப்ரான்ஸ்வாஸ் ஆர்டியின் ரெக்கார்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 1962 அக்டோபர் 28ஆம் தேதி ராத்திரி, வாக்கெடுப்பு முடிவுக்காக நாடே டிவி முன்னால் காத்திருந்தபோது இடைவேளையில் அவர் பாடிய பாட்டு, தன் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஜோடி ஜோடியாகப் போக, தான் மட்டும் தனியாக நடக்கிறேன் என்கிற பாட்டு. 2024 ஜூனில் அவர் இறந்த செய்தி வந்த அன்று நீங்கள் எதுவும் சொல்லவில்லை, ரெக்கார்டை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். இந்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ஸ்ட்ராஸ்பூர் ஸ்டேஷனில் பாடகி சில்வி வார்த்தான் ரயில் ஜன்னலிலிருந்து உங்களைப் பார்த்துக் கையசைத்தார் என்கிறீர்களே, அதற்கு நான் பார்த்த எந்த டாக்குமெண்டரியிலும் சாட்சி இல்லை. நான் நம்புகிறேன் தாத்தா. ஆயாதான் நம்ப மாட்டேன் என்கிறார்.