ஜீப்பை விற்றுவிட்டேன் அண்ணே

அண்ணே,

அப்பாவின் தலைத்திவசம் முடிந்த ஒன்பதாம் நாள் ஜீப்பை விற்றேன். உன்னைக் கேட்கவில்லை. போனில் சொன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டாய், அப்புறம் "சரி, உன் இஷ்டம்" என்பாய், அந்த "உன் இஷ்டம்" ஒரு வாரத்துக்கு என் காதிலேயே கிடக்கும். எழுதினால் நடுவில் நீ பேச முடியாது, அதுதான். நம் சொந்தத்தில் யார் யார் இந்தப் பக்கம் வந்து சத்தம் காட்டாமல் படித்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் ஆர்.சி. என் பேருக்கு எப்போது வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உனக்குத் தெரியும்.

வாங்கினவர் தாண்டிக்குடிக்காரர்தான். மிளகு மூட்டை ஏற்றக் கேட்டார். சென்னையிலிருந்து ஒருவர் பதினைந்தாயிரம் கூடத் தருகிறேன், சிவப்புப் பெயின்ட் அடித்து ஈ.சி.ஆரில் ஓட்டப் போகிறேன் என்றார். கொடுக்கவில்லை. மலைக்கென்றே இருக்கிற நம் எம்.எம். 540 ஜீப்பை ஈ.சி.ஆரில் ஓட்டி என்ன செய்வது? இந்த ஒன்றுக்காவது நீ என்னை மெச்சலாம்.

விற்காமல் முடியாது அண்ணே. ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் கெடு வந்துவிட்டது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அம்மாவின் முதுகுக்கு அந்த சீட் ஆகாது. போன மாசம் வத்தலக்குண்டிலிருந்து மேலே நம் மலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள். நீ வீடியோ காலில் பார்க்கிற அம்மா முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த அம்மா.

சரி, வண்டி விஷயம். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று 2017 டொயோட்டா ஃபார்ச்சூனர், 2.8 ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல். இன்னொன்று அதே வருஷத்து ஃபோர்டு எண்டெவர், 3.2, ஐந்து சிலிண்டர். இரண்டும் மதுரையில், இரண்டும் எண்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓடியவை, விலையில் மட்டும் நாலு லட்சம் வித்தியாசம். டெல்லி வண்டி இன்னும் மலிவு என்று உன் மாப்பிள்ளை ஒரு வாரம் படுத்தினார். அங்கே டீசலுக்குப் பத்து வருஷம்தான் ஆயுள் என்று வைத்திருந்தார்கள், அதனால் அடிமாட்டு விலைக்குத் தள்ளினார்கள், வாஸ்தவம்தான், ஆனால் ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபடி வரி கட்டிப் பதிவு செய்து முடிக்கும்போது மலிவு எங்கே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அடங்கிவிட்டார்.

நீ அனுப்பிய வாய்ஸ் நோட் மொத்தமும் இருக்கிறது. "கண்ணை மூடிக்கிட்டு டொயோட்டாவை எடு, இங்க ஓமான்ல வாடியில, அதான் காட்டாத்துப் படுகையில, இறங்கிப் பார், எங்க திரும்பினாலும் பிராடோவும் லேண்ட் க்ரூஸரும்தான். ஃபோர்டு 2021 செப்டம்பர்லயே இந்தியாவுல கடையைக் கட்டிட்டான், கம்பெனியே இல்லாத வண்டியை எவனாவது வாங்குவானா?" தெரியும் அண்ணே. செங்கல்பட்டுப் பக்கம் மறைமலைநகரில் செய்த வண்டி, எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் நீ ஓட்டுவது அங்கே ஷர்கியா பாலைவன மணலில், வெள்ளிக்கிழமைகளில், சிநேகிதர்களோடு. நான் ஓட்டுவது தோட்டத்துப் பாதையில் குறுக்கிடும் நம் ஓடையில், அம்மாவோடு, மாமியாரோடு, காப்பி மூட்டையோடு.

கோபமாக எழுதுகிறேனோ? இல்லை. வண்டி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார் என்றாய். அப்படி இழுத்ததில்தான் முதலில் பார்த்த ஒரு வண்டியின் பெல்ட்டில், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில், டீக்கறை மாதிரி ஒரு கோடு. வெள்ளத்தில் நின்ற வண்டி. "ஷாம்பு போட்ட கறைம்மா" என்றார் புரோக்கர். பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். நியூட்ரலில் நிறுத்தி, மெதுவாகக் கூடுதல் பலத்தோடு இழுக்கும் லோவுக்கு மாற்றுவது, லோவில் இருபதடி முன்னே, இருபதடி பின்னே, அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பது, எல்லாம் உன் பாடம். சுடிதாரோடு மண்ணில் படுத்ததைப் பார்த்து அந்தத் தெருவே நின்றுவிட்டது.

இப்போது சொல்கிறேன், நான் எண்டெவரை எடுத்தேன். ஏன் என்று சொல்ல 2018-க்குப் போகவேண்டும்.

கஜா புயல் அடித்த மூன்றாம் நாள். தீபாவளிக்கு வந்தவன் நீ இன்னும் கிளம்பவில்லை, மறுநாள் ராத்திரிதான் பிளேன். சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடியோடு பாதைக்குக் குறுக்கே கிடந்தன, வெட்டி வெட்டித்தான் போனோம். ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில், அப்பா அடையாளம் வைத்திருந்த கல் மூழ்கியிருந்தது. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய், தொடை வரைக்கும் தண்ணீர், என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னாய். "என் கையை மட்டும் பாரு" என்றாய். பின்னால் பின்னால் நடந்துகொண்டே கையை ஆட்டினாய். நான் கையை மட்டும்தான் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை.

இடது பின்சக்கரம் குழியில் இறங்கியது. அது மட்டும் சுற்றுகிறது, வலது சக்கரம் பாறைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் அப்படித்தான், எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ அது சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிமானம் உள்ள சக்கரம் நகராது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் நீ வேலையாட்கள் முன்னால் சொன்ன வார்த்தைதான். "பொம்பளை கையில ஸ்டியரிங்கைக் குடுத்தா இப்படித்தான்." அப்பா ஒன்றும் பேசாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சக்கரத்தின் கீழ் ஒவ்வொரு கல்லாகத் திணித்தார். அறுபத்தெட்டு வயசு. ஒரு மணி நேரம். மேலே வந்தபோது விரல்கள் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன, என்னால் அதைத்தான் மறக்க முடியவில்லை.

உன் கை இடது பக்கம்தான் காட்டியது அண்ணே.

இத்தனை வருஷம் நான் சொல்லவில்லை. அப்பா பார்த்திருந்தார். அன்று ராத்திரி திண்ணையில், "அவன் இடதுதான் காட்டுனான், பார்த்தேன். விடு, நாளைக்குக் கிளம்புறான்" என்றார். நான் விட்டேன். நீ கிளம்பினாய். பொதுவில் போட்டு உடைக்கிற விஷயமா இது என்று மதினி கேட்கக்கூடும், நியாயம்தான், ஆனால் அந்த வார்த்தையும் பொதுவில்தானே விழுந்தது.

எண்டெவரில் ஒரு பட்டன் இருக்கிறது. பின் டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடும். ஒரு சக்கரம் குழியில் இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே சுற்றும். அந்த ஃபார்ச்சூனரில் இது இல்லை. சுற்றுகிற சக்கரத்துக்கு பிரேக் போட்டு மற்றதுக்குப் பலம் தள்ளும் ஏற்பாடுதான். அதுவும் நன்றாகவே வேலை செய்யும் என்று நீ சொன்னதை மறுக்கவில்லை. எனக்குப் பட்டன் வேண்டும், அவ்வளவுதான். 800 மில்லிமீட்டர் ஆழம் வரைக்கும் தண்ணீரில் இறங்கலாம் என்று போட்டிருக்கிறது. அப்பாவின் கல்லை டேப் வைத்து அளந்துவிட்டேன். அது மூழ்கினால் போகமாட்டேன், பட்டன் இருந்தாலும்.

பட்டனுக்காக மட்டும் எடுத்தேன் என்று நினைக்காதே. இரண்டு வண்டியிலும் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து நாகமலைப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் ஓட்டினேன். ஃபார்ச்சூனரில் மேல் கைப்பிடியை விடவே இல்லை, கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எண்டெவரில் தூங்கிவிட்டாள். மூன்றாவது வரிசை சீட் தரையோடு படுத்துவிடுகிறது, மூட்டை நேராகப் போகும். மற்றதில் அது இரண்டு பக்கமும் மடிந்து தொங்கி இடத்தை அடைக்கிறது. ஏறத்தான் கஷ்டம், இரண்டிலுமே. டிக்கியில் ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

நீ சொன்னதில் சரியானதும் உண்டு. வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2850 மில்லிமீட்டர், ஃபார்ச்சூனரை விட 105 கூட. கோயில் வளைவில் ஒரே திருப்பில் திரும்பவில்லை, ஒரு தடவை பின்னால் எடுக்கவேண்டியிருக்கிறது. ஜீப் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு திரும்பும். விற்கப்போனால் நீ சொன்ன ஃபார்ச்சூனருக்குத்தான் விலை. ஸ்பேர் பார்ட்ஸ் இன்றைக்குக் கிடைக்கிறது, பத்து வருஷம் கழித்து நான் மூலை மூலையாக அலையும்போது நீ சிரிக்கலாம். மதுரை மெக்கானிக் ஒரு புத்தி சொன்னார்: இந்த என்ஜினில் ஆயிலை வடித்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாதாம், பத்து நிமிஷத்துக்குள் புது ஆயிலை ஊற்றவேண்டுமாம், இல்லாவிட்டால் பம்ப் மறுபடி ஆயிலை இழுக்காதாம். அப்பாவுக்கு இந்தச் சேதி ரொம்பப் பிடித்திருக்கும், ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

ஜீப்பைக் கொடுத்த அன்று ஜாக்கி கம்பியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். வாங்கினவரும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருந்தபோது பள்ளத்தில் அந்த டீசல் சத்தம் கேட்டது. அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "அப்பா வர்றாரு" என்றாள், அப்புறம் அவளே சிரித்துக்கொண்டாள். உன்னிடம் அப்போதே சொல்லவேண்டும்போல இருந்தது. அங்கே நீ வேலையில் இருந்திருப்பாய்.

சித்திரையில் வருகிறாய்தானே? டயர் ஏதும் வாங்கி வராதே, இங்கேயே பார்த்து வைத்திருக்கிறேன், 265/60 ஆர்18, நீ சொன்ன வண்டிக்கும் இதே சைஸ்தான். மணலில் காற்றை இறக்கி ஏற்ற ஒரு குட்டி கம்ப்ரஸர் வைத்திருப்பாயே, அதை மட்டும் எடுத்து வா.