சுகமானதும் குளிசையை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மனச்சோர்வையும் மரபணுவையும் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருகோணமலையில் மனநல கிளினிக்குக்குப் போகத் தயங்குவோருக்குத் துணையாகச் சென்றுவரும் தொண்டர் என்ற முறையில் அதற்கு என் நன்றி. எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும் என்பதை இரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும் காலம் வரும் என்று கட்டுரை முடிகிறது. அந்தக் காலம் வரட்டும். இன்றைக்கே எங்கள் மக்களுக்கு உதவக்கூடிய செய்தி ஒன்று அதே ஆய்வுகளில் இருக்க, கட்டுரையில் விடுபட்டுப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

அச்சமோ துயரமோ தாக்கும்போது மூளையிலுள்ள ஐப்போதலமஸ் கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பி, சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரினல் சுரப்பிகளைத் தூண்ட, கோட்டிசோல் என்ற ஓமோன் இரத்தத்தில் ஏறுகிறது. போதிய அளவு ஏறியதும் அந்தக் கோட்டிசோலே மூளையை எட்டிச் சுரப்பை அடக்க வேண்டும். கடும் மனச்சோர்வுள்ள பலரிடம் இந்த அடக்கம் சரியாக நடப்பதில்லை. எப்.கே.பி.பி.5 என்ற மரபணு உருவாக்கும் புரதம், கோட்டிசோலை ஏற்கும் வாங்கிகளின் உணர்திறனைக் குறைத்து, இந்த அடக்கத்தைத் தளர்த்துகிறது. 2004இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் எலிசபெத் பிண்டர் குழுவினர் இந்த மரபணுவின் ஒரு வகை மாறுபாட்டை ஆராய்ந்தார்கள். அம்மாறுபாடு உடையவர்களுக்கு மனச்சோர்வு மருந்து விரைவாக வேலை செய்தது. அதே ஆட்களுக்குத்தான் வாழ்நாளில் நோய் திரும்பத் திரும்ப வந்துமிருந்தது! பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவேதான் இந்தப் பரிசோதனை மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

ஆனாலும் விரைவில் தெளிவடைவது வேறு, நோய் விட்டுப்போவது வேறு என்பதை நான் கண்ணாரக் காண்கிறேன். மூதூரிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் ஒருவர், தன் கிளினிக் கொப்பிக்குப் பிள்ளைகளின் பாடக் கொப்பிக்குப் போடுவதுபோல மண்ணிறத் தாளில் உறை போட்டிருந்தார். மூன்றாவது கிழமையே நன்றாக உறங்கினார், சமைத்தார், சிரித்தார். "இனி எதற்குக் குளிசை?" என்று வீட்டில் கேட்டார்கள், நிறுத்திவிட்டார். சில மாதங்களில் மீண்டும் பாயோடு பாயாகக் கிடந்தார். பாதியில் விட்ட குளிசை அட்டைகள் அரிசி வாளிக்குப் பின்னால் இருந்தன. சுகம் கண்ட பின்னரும் குறைந்தது ஆறு மாதங்களாவது மருந்து தொடர வேண்டும், நிறுத்துவதானால் வைத்தியர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் ஒருவருக்கும் யாரும் விளக்கியிருக்கவில்லை.

முதல் குளிசை பலிக்காதவர்களின் நிலை இன்னும் துயரமானது. மருந்து வேலை செய்யச் சில கிழமைகள் செல்லும். அமெரிக்காவில் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்திலேயே முழுச் சுகம் கண்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு மருந்தை மாற்றியும் சேர்த்தும் பார்த்தார்கள். இங்கேயோ அப்படிப்பட்டவரைப் பார்த்து "உனக்கு மனத்தைரியம் இல்லை" என்கிறார்கள். உடலின் இரசாயனம் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு அவரையா குற்றம் சொல்வது?

மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் கல்யாணப் பேச்சை முறிக்கும் குடும்பங்களும் உண்டு. அமெரிக்காவின் அத்லாந்தா நகரில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, இதே மரபணுவை அதிர்ச்சிக்குப் பின்னான மனவடு நோயோடு ஒப்பிட்டது. மரபணு மட்டும் அந்த நோயைத் தீர்மானிக்கவில்லை. சிறுவயதில் பட்ட கொடுமையோடு சேர்ந்தபோதே அதன் தாக்கம் தெரிந்தது. போரையும் 2004 கடற்கோளையும் சிறுவயதில் கண்ட தலைமுறை இப்போது எங்கள் மாவட்டத்தில் பெற்றோராகி நிற்கிறது. அவர்களுக்கு வேண்டியது சாதகத்தைப் போல இரத்தத்தைப் புரட்டிப் பார்ப்பதல்ல, பக்கத்திலேயே ஒழுங்காக நடக்கும் கிளினிக்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது, மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் தூக்கமின்மையும் வரலாம் என்பதையும், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். குளிசை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் கடைசிப் பத்திவரை படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.